என் காதின் பேரில் என் கணவர் செய்த பொருத்தனை

சபையில் உபவாச ஜெபம் தொடங்கியிருந்த வாரத்தில் என் வலது காது போனது. நோவு இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. காலையில் எழுந்து பல் விளக்கும்போது பக்கத்துக் குழாயில் விழுகிற தண்ணீர் எங்கோ தூரத்தில் விழுவது போல இருந்தது. காதுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தேன். அடுப்படிக்குப் போவதற்குள் தலை சுற்றி, கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வலது காதுக்குள் குக்கர் விசில் அடங்காமல் கத்துகிற மாதிரி ஓர் இரைச்சல். அந்த இரைச்சலைத் தவிர அந்தப் பக்கம் வேறு ஒன்றுமே இல்லை.

என் பெயர் ஸ்டெல்லா. நெம்மேலியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை பார்க்கிறேன். என் கணவர் தாவீது அணுபுரத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், பெனினா, ஒன்றாம் வகுப்பு. சபையில் எங்களைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் எல்லாருக்கும் தப்பாகத் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சரிசெய்யவே இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். உபவாசத்தில் இருக்கிறோம், பாதியில் எழுந்து டாக்டரிடம் ஓடினால் நம் விசுவாசம் என்ன விசுவாசம் என்றார். என் கணவர் கெட்டவர் அல்ல. குடியும் சண்டையுமாக இருந்த வீட்டிலிருந்து ஆண்டவர் வெளியே கொண்டுவந்த மனுஷன். எதைச் செய்தாலும் முழுசாகச் செய்வார். உபவாசத்தின் கடைசி நாளில் சபை நடுவே எழுந்து நின்று பொருத்தனை பண்ணினார்.

"ஆண்டவரே, எம் பொஞ்சாதி காத நீங்களே தொறங்க. அதுவரிக்கும் அவ காதுல டாக்டரு கையும் படாது, மருந்தும் படாது, மிஷினும் ஏறாது. தொறந்ததும் ரெண்டு பேரும் இங்கியே நின்னு சாட்சி சொல்றோம்."

சபை முழுவதும் அல்லேலூயா என்றது. நானும் சொன்னேன். கண்ணீரோடு சொன்னேன். அன்றைக்கு எனக்கும் அந்தப் பொருத்தனை பெரிய விஷயமாகத்தான் பட்டது.

ஒரு காது போனால் பாதிதானே போச்சு என்று நினைப்பீர்கள். "அதான் இன்னொரு காது கீதே" என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. பாதி அல்ல, சகோதரிகளே. ஒரே காது இருந்தால் எல்லாச் சத்தமும் அந்த ஒரு பக்கத்திலிருந்தே வருவதாகத் தோன்றும். எனக்கு உலகத்துச் சத்தம் எல்லாம் இடது கைப் பக்கம் இருந்தது. லாரி ஹாரன், நாய், கடல், யாராவது கூப்பிடுவது, எல்லாமே இடது. வேலை இடத்தில் சூப்பர்வைசர் வலது பக்கம் நின்று கூப்பிட்டால் எனக்குத் தெரியாது. திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன். பஸ்ஸில் வலது பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏதோ கேட்டிருப்பார், பதில் சொல்லாமல் வந்திருப்பேன்.

இதைவிட வேதனை ஆராதனையில். டிரம் அடித்து, எல்லாரும் ஒன்றாய்ச் சத்தம் போட்டு ஜெபிக்கும்போது அத்தனையும் ஒரே காதில் மூட்டையாக வந்து கொட்டும். எது பாட்டு, எது ஜெபம், எது பாஸ்டர் சொல்வது என்று பிரிக்க முடியாது. தலை சுற்றும். செருப்பு விடுகிற இடத்தில் போய் நின்றுகொள்வேன். ஆண்டவருடைய வீட்டிலிருந்தே தள்ளிவிட்டார்களே என்று அங்கே நின்று அழுதிருக்கிறேன். உள்ளே இருந்தவர்கள், ஸ்டெல்லா முன்மாதிரி இல்லை, வெளியே நின்று பராக்குப் பார்க்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

மாதங்கள் போயின. காது திறக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் யாராவது, "இன்னாம்மா, கேக்குதா?" என்று விசாரிப்பார்கள். "விசுவாசிக்கிறேங்க்கா" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் ஒரு நாள் செங்கல்பட்டில் மாமியாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அந்த டாக்டரம்மா என் இடது பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நரம்பு போயிடுச்சும்மா. ஆரம்பத்துலயே வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். வந்திருந்தாலும் கண்டிப்பா திரும்பியிருக்கும்னு சொல்ல முடியாது. இப்ப மருந்துக்கு வேலை இல்ல."

பிறகு ஒரு பட்டையைத் தலையில் மாட்டிவிட்டார். வலது காதுக்குப் பின்னால் எலும்பில் அழுந்துகிற மாதிரி தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு மிஷின். செத்த காதை இது எழுப்பாது, அந்தப் பக்கத்துச் சத்தத்தை மண்டை எலும்பு வழியாக நல்ல காதுக்கு அனுப்பும் என்று விளக்கினார். வலது பக்கம் போய் நின்று, மெதுவாக, "ஸ்டெல்லா, டீ சாப்டீங்களா?" என்று கேட்டார். எனக்குக் கேட்டது. நான் அங்கேயே உடைந்து அழுதேன். இது பிடித்திருந்தால் எலும்பில் சின்னதாய் ஒரு ஸ்க்ரூ வைத்து, அதன்மேல் மிஷினை மாட்டிக்கொள்ளலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார். "சத்தம் கேக்கும். ஆனா எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு இதுவும் சொல்லாது. ரோட்டுல ஜாக்கிரதையா இருங்க." சந்தோஷத்தில் அதை நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கோபம்கூட அப்புறம்தான் வந்தது, முதலில் பயம்தான் வந்தது. "சபை முன்னாடி குடுத்த வாக்கும்மே அது. இன்னா காரியம் பண்ணிட்டு வந்துகீற? அது நம்ம புள்ள மேல வுழும்" என்றார்.

அந்த வாரமே விழுந்தது.

சாயங்கால நேரம். நெம்மேலி பஸ் ஸ்டாப். பெனினாவைப் பெட்டிக்கடை ஓரமாய் நிறுத்தி, "இங்கியே நில்லு, நவுராத" என்று சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியில் காய் வாங்கினேன். அதற்குள் ஒரு பஸ் வந்து கூட்டத்தை இறக்கிவிட்டது. திரும்பினால் பிள்ளையைக் காணோம். "பெனி!" என்று கத்தினேன். "ம்மா!" என்று குரல் வந்தது. ரோட்டுப் பக்கமிருந்து வந்தது. ஐயோ, ரோட்டைக் கடந்துவிட்டாளே என்று அந்தப் பக்கம் ஓடினேன். அங்கே போய் நின்று மறுபடியும் கத்தினேன். என் பின்னால் பிரேக் அடிக்கிற சத்தமும் யாரோ அலறுவதும் கேட்டன. பெனினா ரோட்டின் நடுவில் கிடந்தாள். ஒரு பைக் அவளை இடித்துத் தள்ளியிருந்தது.

வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்து தகடு வைத்து ஸ்க்ரூ அடித்தார்கள். மயக்கம் தெளிந்து அவள் கண் விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி ஓடின? நவுராதன்னு சொன்னேனே" என்பதுதான். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சொன்ன இடத்தில் நிற்காமல் பிள்ளை ரோட்டுக்கு ஓடிவிட்டது என்றுதான் எல்லாருக்கும் தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் கீழ்ப்படிதலைப் பற்றிப் பாடம் நடத்தியபோது என் மகள் பெயரைச் சொல்லி உதாரணம் காட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வருத்தப்படவில்லை, உண்மைதானே என்று இருந்துவிட்டேன்.

என் மாமியார் வேறு மாதிரி பேசினார். "செவிட்டுக் கையில புள்ளைய குடுத்தா இப்புடித்தான் ஆவும். இனிமே எம் பேத்தி ஆயா கூடத்தான் இருப்பா" என்று ஆஸ்பத்திரியிலிருந்தே பெனினாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். என் கணவருக்கோ பொருத்தனையை நான் மீறியதால் வந்த தண்டனை இது. வாயால் ஒரு முறைதான் சொன்னார். கண்ணால் தினமும் சொன்னார்.

அந்த நாட்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை. வேலைக்குப் போவேன், வருவேன். ஞாயிறு மத்தியானம் செங்கல்பட்டுக்குப் போய், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, விருந்தாளி மாதிரி என் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவேன். அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைவரை போகக்கூட எனக்கு அனுமதி இல்லை. வீட்டில் அவளுடைய ஸ்கூல் பை ஆணியில் தொங்கும். ஒரு நாள் சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடற்கரையில் போய் உட்கார்ந்து, இப்படியே உள்ளே நடந்து போய்விட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. மறைத்தால் சாட்சி ஆகாது. இதே நினைப்பு உங்களில் யாருக்காவது வந்தால் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள், எழுந்து போய் யாரிடமாவது சொல்லுங்கள். நான் எழுந்து சுசீலா அக்கா வீட்டுக்குப் போனேன். சபையில் எனக்கு இடது பக்கம் உட்காருகிறவர். அவர் புத்தி சொல்லவில்லை. சோறு போட்டார், சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே இருந்தார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா வேணும்னு சொல்லு, அத்த மட்டும் கேப்போம்" என்றார்.

எனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை நான் சரியாக யோசித்திருக்கவில்லை. காது வேண்டும், காது வேண்டும் என்றே ஜெபித்திருந்தேன். அன்று சொன்னேன்: "ஆண்டவரே, காது வேண்டாம். என் பிள்ளையை என் கையில் திரும்பத் தாரும். அதற்கு எந்த வாய் திறக்க வேண்டுமோ அந்த வாயைத் திறந்துவிடும்." தினமும் அதையே கேட்டோம்.

பெனினாவின் காலைச் சோதிக்க மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நானும் கணவரும் மாமியாரும் போனோம். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி, எக்ஸ்ரே படத்தைக் கையில் கொடுத்தார். என் கணவர் அதை வராந்தா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலும்புக்குள் ஸ்க்ரூக்கள் வெள்ளை வெளேரென்று வரிசையாகத் தெரிந்தன. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. இரும்ப வச்சி எம் புள்ளைய நிக்க வச்சீங்களே" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை நீங்க என்றுதான் பேசியிருக்கிறேன். அன்று அது வாயில் வரவில்லை.

"அவ கால்ல ஸ்க்ரூ வச்சா ஸ்தோத்திரம். எம் மண்டையில வச்சா அவிசுவாசமா? ரெண்டும் எலும்புதானே? அன்னிக்கு அவ நடு ரோட்டுல கெடந்தப்போ, கர்த்தர் தொடட்டும்னு நீ ஏன் பொருத்தன பண்ணல? ஏன் ஆம்புலன்சுக்குப் போன் போட்ட?"

"ஏய், ஆஸ்பத்திரில இன்னா சத்தம்?" என்று மாமியார் என் தோளைப் பிடித்து இழுத்தார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். என் கணவர் படத்தை மெதுவாக உறைக்குள் போட்டார். வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். அந்த வாரம் முழுவதும் பேசவில்லை, ராத்திரி சாப்பாடும் இல்லை. இத்தோடு எல்லாம் முடிந்தது, இனி பிள்ளையும் இல்லை, புருஷனும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. ஆண்கள் பக்கத்தில் என் கணவர் எழுந்து நின்றார். மைக்கைப் பிடித்துப் பேசினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஸ்பீக்கர் எதிரொலியும், மின்விசிறிச் சத்தமும், பிள்ளைகள் அழுகையும் எல்லாம் கலந்து ஒரே காதில் அடைத்தன. அவர் வாய் அசைவது தெரிந்தது. எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்புவது தெரிந்தது. என்னைப் பற்றிக் குற்றம் சொல்கிறார் என்றே நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். சுசீலா அக்கா என் இடது காதில் வாயை வைத்து, "ஏய் ஸ்டெல்லா, பொருத்தனைய வுட்டுட்டாராம்டி. எம் பொஞ்சாதிக்கு ஆபரேஷன் பண்ணப் போறேன், ஆண்டவர் கோவிச்சிகினா எம் மேல கோவிச்சிக்கட்டும்ன்றாரு" என்றார்.

நான் கேட்ட ஜெபத்தின் பதிலை என் சொந்தக் காதால் கேட்க முடியாமல் இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. பொருத்தனையை விடலாமா, அது பாவமல்லவா என்று ஒரு மூப்பர் எழுந்தே கேட்டுவிட்டார். பாஸ்டர் மைக்கை வாங்கினார். பிறகு அவர் சொன்னதையும் அக்காதான் எனக்குச் சொன்னார். "தாவீது அவன் காத வச்சிப் பொருத்தன பண்ணியிருந்தா நான் புடிச்சி நிறுத்தியிருப்பேன். அடுத்தவங்க காத வச்சிப் பண்ண அவனுக்கு யாரு ரைட்டு குடுத்தது? அன்னிக்கு அல்லேலூயா சொன்ன நம்ம எல்லாருக்கும்தான் இதுல பங்கு கீது." அன்று சபையே முழங்காலில் நின்றது. இரண்டு குடும்பங்கள் மட்டும், பொருத்தனையை மீறினால் தண்டனை வரும் என்று சொல்லி எழுந்து போய்விட்டன. அவர்கள் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

செலவுக்கு என்ன செய்தோம் என்று எழுதப் போவதில்லை. கர்த்தர் நடத்தினார். காதுக்குப் பின்னால் முடியைச் சிரைத்து எலும்பில் ஸ்க்ரூ வைத்தார்கள். அது எலும்போடு ஒட்டிப் பிடிக்கும்வரை மிஷின் மாட்டக் கூடாது என்றார்கள். காத்திருந்த நாட்களில் ஸ்க்ரூவைச் சுற்றித் தோல் சிவந்து, நீர் கசிந்து, தலையைத் தலையணையில் வைக்க முடியாமல் கிடந்தேன். விட்டுப்போன இரண்டு குடும்பங்கள் சொன்னது சரிதானோ என்ற பயம்கூட வந்தது. கண்ணாடியில் எனக்கே தெரியாத இடம் அது. தினமும் காலையில் வேன் எடுக்கப் போகுமுன் என் கணவர் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஸ்க்ரூவைச் சுற்றித் துடைத்து மருந்து வைப்பார். டாக்டர் கையும் படாது, மருந்தும் படாது என்று சொன்ன அதே மனுஷன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

மிஷின் மாட்டிய நாளில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. என் குரலே என் மண்டைக்குள் அண்டாவில் பேசுவது போல இருந்தது. ஜெபத்துக்கு முக்காடு போட்டால் சேலை மிஷினில் உரசி, உப்புத்தாளால் தேய்ப்பது போலச் சத்தம் வரும். ஊசி குத்திச் சேலையைப் பின்னுக்குத் தள்ளிப் போடப் பழகினேன். டிரம் சத்தம் இப்போதும் தாங்காது. திசை இன்றைக்கும் தெரியாது, டாக்டரம்மா சொன்னது அப்படியே. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிட்டால் பழைய இரைச்சல் மட்டும்தான். ஆனால் வலது பக்கம் ஆள் நின்றால் தெரிகிறது. அது போதும் என்றிருந்தது.

என் மாமியார் தன் பங்குக்குச் சோதித்துப் பார்த்தார். என் வலது பக்கமாய் வந்து நின்று, மெல்லிய குரலில் என்னை இரண்டு வசவு வைதார். "ஏன் அத்தே திட்டுறீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அன்று சாயங்காலம் பெனினாவின் துணிமணிகளைக் கட்டிக் கொடுத்தார்.

நானும் என் மகளும் மட்டும் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினோம். கால் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தாள், இப்போதும் அப்படித்தான். ஜன்னல் ஓரம், எனக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார், என்ஜின் ஓடவில்லை, பஸ்ஸில் ஆளும் குறைவு. அவள் மிஷினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப இந்தப் பக்கம் பேசினா கேக்குமாம்மா?"

"கேக்கும்டி. சொல்லு."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கு நான் ஓடலம்மா. நீ சொன்ன எடத்துலதான் நின்னுகினு இருந்தேன். இங்க கீறேன் இங்க கீறேன்னு கத்தினேன். நீதான் என்ன வுட்டுட்டு ரோட்டுக்கு அந்தாண்ட போயிகினே இருந்த. நீ தொலஞ்சிடுவன்னு வந்தேன்."

அவள் எங்கே நின்று கத்தியிருந்தாலும் எனக்கு இடது பக்கம்தான் கேட்டிருக்கும், அன்று அந்தப் பக்கம் ரோடு இருந்தது. "அப்பவே ஏண்டி சொல்லல?"

"ஆயா உன்னத் திட்டுமே."

கேட்க முடியாத ஒரு பக்கத்தை ஆண்டவர் எனக்குத் திரும்பக் கொடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து என் மகள் சொன்ன முதல் விஷயம் இதுதான். ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஏறியவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். பிறகுதான் ஸ்தோத்திரம் சொன்னேன். இதைக் கேட்காமலே நான் செத்துப்போயிருந்தால் என் பிள்ளை இந்தப் பழியைக் காலம் முழுவதும் தனியாகச் சுமந்திருக்கும்.

ஆகவே சபையார் எல்லாரும் அறிய எழுதுகிறேன். என் மகள் பெனினா கீழ்ப்படியாத பிள்ளை அல்ல. சொன்ன இடத்தில் நின்றாள். அம்மா வழி தவறிப் போவதைப் பார்த்து அம்மாவைத் தேடி வந்தாள். ஓய்வுநாள் பள்ளியில் அவள் பெயரைச் சொன்னவர்கள், தயவுசெய்து இன்னொரு முறை, இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

என் ஆண்டவர் நான் கேட்டதைக் கொடுத்தார். நான் நினைத்த வழியில் கொடுக்கவில்லை, நோகாமலும் கொடுக்கவில்லை. ஆனாலும் அவரை நம்பலாம். டாக்டரிடம் போவதா, ஜெபிப்பதா என்று தவிக்கிறவர்கள், யாரோ செய்த பொருத்தனையில் மாட்டிக்கொண்டவர்கள், கடற்கரையில் தனியே போய் உட்கார்ந்திருக்கிறவர்கள் யாராயிருந்தாலும் ஞாயிறு ஆராதனைக்கு வாருங்கள். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருப்பேன். என் வலது பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கும், வந்து உட்கார்ந்து பேசுங்கள்.